செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரை மாற்றும் முன்...

மழைக்காலம் முடிந்தால் செல்ஃப் பற்றிய கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

என்னிடம் இருப்பது 2008 மாடல் பல்சர் 150. கிக்கரில் ஒரே உதையில் எடுக்கிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹாரன் நன்றாக அடிப்பதால் பேட்டரியில் குறையில்லை என்று நினைக்கிறேன். மோட்டாரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– அரியலூர் வாசகர்

அவசரப்படாதீர்கள். முதலில், ஹாரன் அடிப்பதை வைத்து பேட்டரிக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. ஹாரனுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் இழுப்பது பல பத்து ஆம்பியர். கிழட்டுப் பேட்டரி ஹாரனை அடிக்கும், இன்டிகேட்டரை மின்னவைக்கும், மோட்டார் என்றதும் படுத்துவிடும்.

அந்த ‘டக்’ ஒரு நல்ல செய்தியும்கூட. ரிலே (பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) இழுக்கிறது என்றால் ஃப்யூஸ், பட்டன், கிளட்ச் சுவிட்ச் எல்லாம் சரியாக இருக்கின்றன. பழுது பேட்டரியில், ரிலேயின் உள்முனையில், தடித்த ஒயர்களில் அல்லது மோட்டாரில். இந்த நான்கில் எது என்று கண்டுபிடிக்க சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நியூட்ரலில், மெயின் ஸ்டாண்டில் நிற்கட்டும்.

இரவு முழுக்க சும்மா நின்ற வண்டியில், காலையில் பேட்டரி 12.6 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். 12.4 என்றால் சார்ஜ் போடுங்கள். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. சார்ஜ் வேகம் பேட்டரியில் எழுதியிருக்கும் ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) அளவில் பத்தில் ஒரு பங்கு: 9 ஏஎச்சுக்கு 0.9 ஆம்பியர். கார் சார்ஜரில் போட்டு அவசரமாக ஏற்றினால் உள்ளே பிளேட் கெட்டுவிடும்.

அடுத்து, மீட்டரை பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு ஒருவரை பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். முக்கியமான சோதனை இதுதான்.

மீட்டரில் எண் இறங்கி 9.6-க்கு மேல் நின்றால் பேட்டரி பரவாயில்லை. 7, 8 என்று விழுந்தால் பேட்டரி போய்விட்டது. நல்ல பேட்டரி மாட்டிய பிறகும் அப்படியே விழுந்தால், மோட்டார் உள்ளே இறுகியிருக்கிறது. ‘டக்’ கேட்டும் 12-ஐ விட்டு அசையவே இல்லை என்றால் மின்சாரம் எங்கோ வழியில் அறுந்திருக்கிறது.

எங்கே என்று பார்க்க, மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மோட்டாரின் டெர்மினல் போல்ட்டிலும் வைத்து பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகம் காட்டினால் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே மட்டும் அளந்து பாருங்கள். அங்கேயே 12 காட்டினால் ரிலேயின் உள்முனை கருகிவிட்டது, ரிலேயை மாற்றினால் முடிந்தது. அங்கே ஒன்றுமில்லை என்றால் ஒயரின் நுனிகளைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் மூடிக்குள்ளே பச்சை பூத்திருக்கும்.

எர்த் பக்கத்தை, அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியை, பலரும் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவே 0.3 வோல்ட்டைத் தாண்டினால், எஞ்சினில் எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

இவை எல்லாம் சரி, மோட்டார் டெர்மினலுக்கு முழு 12 வோல்ட்டும் வருகிறது, ஆனாலும் மோட்டார் சுற்றவில்லை. அப்போதுதான் மோட்டார் மேல் கை வைக்க வேண்டும். அதிலும் பெரும்பாலும், சுழலும் பாகத்துக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும்.

ரிலேயின் இரண்டு போல்ட்டையும் திருப்புளியால் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தீப்பொறி பறக்கும்; பக்கத்தில் பேட்டரி வாயு, மேலே பெட்ரோல் டாங்க். மீட்டர் இருக்கும்போது அந்த வீரம் தேவையில்லை.

பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை. சில நாள் நாலைந்து முறை அழுத்தினால் எடுக்கிறது.
– பொள்ளாச்சி வாசகி

பட்டனுக்கு உள்ளே அழுக்கு, அல்லது கிளட்ச் லீவரின் அடியில் இருக்கும் சிறிய சுவிட்ச். லீவரைப் பிடித்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே அழுத்திப் பாருங்கள்; எடுத்தால் சுவிட்ச்தான். பட்டன் என்றால் ஹேண்டில்பார் சுவிட்ச் பெட்டியைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, செப்பு முனையை மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பிரிக்கும்போது குட்டி ஸ்பிரிங் துள்ளி ஓடும். பெட்டியை ஒரு துணி மேல் வைத்துப் பிரியுங்கள்.

புது பேட்டரி போட்டும் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது. வீட்டிலேயே பிரித்து பிரஷ் மாற்ற முடியுமா?
– காரைக்குடி வாசகர்

முடியும், ஒரு மதியப் பொழுது ஒதுக்குங்கள். பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மோட்டாரிலிருந்து ஒயரைக் கழற்றும்போது உள்பக்க நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் போல்ட்டே சுற்றி, உள்ளே இருக்கும் இன்சுலேஷன் உடைந்துவிடும். நல்ல மோட்டார் வீட்டில் செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி, மோட்டாரை ஆட்டி ஆட்டி இழுங்கள். கொஞ்சம் ஆயில் வடியும், அடியில் தட்டு வையுங்கள். மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே மார்க்கரால் கோடு போட்ட பிறகே நீள போல்ட்டுகளைக் கழற்றுங்கள். உள்ளே சுழலும் பாகமான ஆர்மேச்சரின் இரு முனையிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் கரித்தூளை ஊதாதீர்கள், முகத்தில் துணி கட்டிக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். பிரஷ் புதியதின் நீளத்தில் பாதியாகிவிட்டால் ஜோடியாக மாற்றுங்கள், ஸ்பிரிங்கையும் சேர்த்து. ஒயர் பற்றவைக்கும் வகை என்றால் ஈயத்தைக் குறைவாக வையுங்கள். அது பின்னல் ஒயருக்குள் ஏறிவிட்டால் ஒயர் கம்பிபோல் விறைத்து, பிரஷ் கீழே இறங்காது.

பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை 400 அல்லது 600 நம்பர் சாதாரண உப்புத்தாளால் சுற்றித் தேயுங்கள். கறுப்பு எமரித் துணி வேண்டாம். அதன் துகள் செம்பில் புதைந்து புது பிரஷ்ஷை அரிக்கும். செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் கரி அடைத்திருந்தால் பழைய ஹாக்ஸா பிளேடின் நுனியால் எடுங்கள். பிறகு மீட்டர்: பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு இடையே தொடர்பு இருக்க வேண்டும், துண்டுக்கும் நடுத்தண்டுக்கும் இருக்கவே கூடாது. இருந்தால் ஆர்மேச்சர் போய்விட்டது, பிரஷ் மாற்றிப் பயனில்லை.

உடம்பின் உள்சுவரில் உரசிய கோடுகள் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது காந்தம் பெயர்ந்திருக்கிறது. மாட்டும்போது ஓ-ரிங் புதிது போடுங்கள். எஞ்சினில் மோட்டார் உட்காரும் முகத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள், மோட்டாருக்கு எர்த் அதன் வழியாகத்தான் வருகிறது.

2012 கிளாசிக் 350. மோட்டார் ‘விர்ர்’ என்று வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை.
– வேலூர் வாசகர்

மோட்டார் சுகமாக இருக்கிறது, மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. இந்த புல்லட்டுகளில் அதை ஸ்ப்ராக் கிளட்ச் என்பார்கள். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் மேலேறி முடிக்காமல் திரும்ப உதைக்கும். அந்த உதை முழுக்க விழுவது இந்த கிளட்சில். அதனால் பேட்டரியை மாற்றாமல் ஸ்ப்ராக்கை மட்டும் மாற்றினால் மறுபடி அதே செலவு. இடப்பக்க கவரைத் திறந்து, புல்லர் போட்டு ரோட்டரைக் கழற்ற வேண்டிய வேலை இது. முதல் முறை என்றால் வீட்டில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கவரைத் திறக்கும் முன் ஆயிலையும் பாருங்கள்: கார் ஆயில் ஊற்றியிருந்தால் வழுக்கலாம். ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரம்) முத்திரையுள்ள 15டபிள்யூ-50 ஆயில் ஊற்றிச் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் பட்டனை அழுத்தலாம்?
– மன்னார்குடி வாசகர்

ஐந்து நொடி. எடுக்காவிட்டால் பத்துப் பதினைந்து நொடி விடுங்கள். மூன்று தடவைக்கு மேல் எடுக்கவில்லை என்றால் கில் சுவிட்சையும் பெட்ரோல் டாப்பையும் பாருங்கள்.