கோதுமையை நிறுத்தினால் முகம் தெளியுமா?

கன்னத்தில் சிவப்பு, தாடையில் பரு, காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது; கோதுமையில் உள்ள குளூட்டன் என்கிற புரதம் ஒத்துக்கொள்ளாததுதான் காரணமா, கோதுமையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடலாம், ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். நான் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சப்பாத்தியை விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து, "சீலியாக் இருக்கான்னு பார்க்கணும்" என்று வருகிறவர்கள் உண்டு. சீலியாக் என்பது குளூட்டனால் சிறுகுடல் கெடும் நோய். டிடிஜி ஐஜிஏ என்கிற அந்தப் பரிசோதனை, குளூட்டன் உள்ளே போவதால் உடம்பு தனக்கு எதிராகவே கிளப்பும் ஆன்டிபாடியை அளக்கிறது. கோதுமையே போகவில்லை என்றால் அதுவும் இறங்கிவிடும். நோய் இருந்தாலும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். 6 வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எடுக்க வேண்டும். ஐஜிஏ என்கிற ஆன்டிபாடி வகையின் மொத்த அளவையும் டாக்டரிடம் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அது குறைவாக உள்ளவர்களுக்கு முதல் பரிசோதனை ஏமாற்றிவிடும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை.

சீலியாக் நோய் வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, நம் பக்கம் அதைவிட மிகக் குறைவு. அதோடு சேர்ந்த தோல் நோய் ஒன்று நிஜமாகவே உண்டு. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று பெயர். 1884-ல் அமெரிக்க மருத்துவர் லூயி டூரிங் விவரித்தது. ஆனால் அது பெரும்பாலும் முழங்கை, முழங்கால், பிட்டம், தலை என்று வரும், முகத்தில் அபூர்வம். அரிப்பு தாங்காமல் சொறிந்து கொப்புளமெல்லாம் உடைந்து, டாக்டரிடம் காட்டும்போது வெறும் பொருக்குதான் இருக்கும். அதற்கு டாப்சோன் மாத்திரை எழுதும் முன் ஜி6பிடி என்கிற ரத்தச் சிவப்பணு நொதியைப் பார்க்க அனுப்புவார்கள். மாத்திரையில் அரிப்பு சில நாளில் அடங்கும். கோதுமையை நிறுத்தி மட்டும் தோல் ஆற மாதக்கணக்காகும். நீங்கள் சொல்வது இந்த மாதிரித் தெரியவில்லை.

இணையத்தில் சுற்றும் 'குளூட்டன் முகம்' படங்களை நம்ப வேண்டாம். அப்படி ஒரு நோய் தோல் மருத்துவத்தில் கிடையாது. சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தோல் தொல்லையும் சொல்கிறார்கள். அதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான உணவுக்கு ஐஜிஜி (இன்னொரு வகை ஆன்டிபாடி) பார்த்துத் தருகிறோம் என்று விற்கும் பேக்கேஜ் காசுக்குப் பிடித்த கேடு. இதைச் சொன்னதற்கு எங்கள் முதலாளி கோபித்துக்கொள்ளக்கூடும், பரவாயில்லை.

மேலூரில் இருக்கும் என் அக்கா மகள் போன வருடம், "சித்தி, கோதுமையை விட்டேன், மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு" என்று போன் பண்ணினாள். நிஜமாகவே தெளிந்திருந்தது. ஆனால் கோதுமை என்று அவள் விட்டது எதை? ராத்திரி பரோட்டா, பேக்கரி கிரீம் பன், டீயோடு ரஸ்க், மாலையில் பாலில் கலக்கிய மால்ட் பவுடர். மைதாவும் சீனியும் சட்டென்று ரத்தச் சர்க்கரையை ஏற்றும், இன்சுலின் கூடும், தோலில் எண்ணெய் சுரப்பு அதிகமாகும். 2007-ல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள இளைஞர்களுக்கு 12 வாரம் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு கொடுத்தபோது பரு குறைந்தது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு பேசப்படுகிறது. இத்தனையும் ஒன்றாக நின்ற பிறகு பழியைக் குளூட்டன் தலையில் மட்டும் கட்டினால் எப்படி? அவள் வீட்டு அடுப்படியில் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிக் காட்டினேன், கோதுமை மாவு என்று போட்டிருந்தது. சாம்பாரில், ரசத்தில் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த அளவு ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் சீலியாக் உள்ளவர்கள் அந்தக் கொஞ்சத்தையும் ஒதுக்க வேண்டும்.

ரிப்போர்ட் சரியாக இருந்து, அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் கோதுமையை மட்டும் சில வாரம் நிறுத்துங்கள். பால், சீனி, சோப்பு, கிரீம் எதையும் மாற்றாதீர்கள். அப்புறம் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். திரும்ப வந்தால்தான் அர்த்தம். நமக்கு இது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை, இட்லி, தோசை, கம்பங்கூழ், கேழ்வரகு, உளுந்த வடை எதிலும் குளூட்டன் கிடையாது. ஓட்டலில் மட்டும் ரவா தோசை, கேசரி, சேமியா பக்கம் போகாதீர்கள்.

உப்பியிருக்கிறது என்றீர்களே, அதற்கு டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் முகம் அப்படித்தான் ஆகும்.

இன்னொன்று. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வெளுப்பு கிரீம் எதையாவது தடவுகிறீர்களா? நம் ஊரில் சிவந்த முகத்துக்குப் பல சமயம் அதுதான் காரணம். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பின்னால் இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவும் வரை பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து பரு கிளம்பும்; திடீரென்று விட்டால் எரியும். தோல் டாக்டரிடம் போகும்போது அந்த ட்யூபைக் கையோடு கொண்டு போங்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவரே சொல்வார்.