ஹெலி சத்தத்துக்கே பயப்படும் அம்மாவை டுபாயில் ஹெலிகொப்டரில் ஏற்றலாமா?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: தை மாதம் அம்மாவோடு டுபாயில் இருக்கும் தம்பியிடம் போகிறோம். ஹெலிகொப்டரில் நகரத்தைச் சுற்றிக்காட்ட அவனுக்கு ஆசை. அம்மாவுக்கு 63 வயது. சண்டைக் காலத்தில் இருந்து ஹெலி சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும், ஆனாலும் படங்களைப் பார்த்துவிட்டு "போய்த்தான் பார்ப்பமே" என்கிறார். கூட்டிப் போகலாமா?

போகலாம், அவரே விரும்புவதால். ஆனால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து நேரே ஏற்றிவிடாதீர்கள். நம்மூரில் ஒரு தலைமுறைக்கு அது வெறும் சத்தமில்லை, பங்கருக்குள் ஓடின நினைவு. அதனால் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய், காத்திருக்கும் இடத்தில் அம்மாவை உட்காரவைத்து, வேறு ஆட்கள் ஏறிப் போய்ச் சிரித்துக்கொண்டு இறங்குவதை இரண்டு மூன்று தடவை பார்க்கவிடுங்கள். உள்ளே எல்லோருக்கும் ஹெட்செட் தருவார்கள், அதைப் போட்டதும் இரைச்சல் நன்றாக அடங்கிவிடும், நீங்கள் பக்கத்தில் இருந்து பேசுவதும் அதிலேயே கேட்கும்.

உயரத்துக்குப் பயம் என்றால் அது வேறு கதை. கோணேசர் கோயிலடி இராவணன் வெட்டுப் பாறையில் நின்று எட்டிப் பார்த்தால் கால் கூசுகிறதே, அந்தக் கூச்சம் ஹெலிகொப்டரில் பலருக்கு வருவதில்லை, காலடியில் இருந்து கீழே இறங்கும் பாறை விளிம்பு கண்ணில் படாததுதான் காரணம். வளைந்து திரும்பும்போது மட்டும் ஹெலிகொப்டர் ஒரு பக்கம் சரியும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சொல்லாவிட்டால் விழுகிறது என்றே நினைப்பார்.

இருக்கையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லோரையும் நிறுத்துப் பார்த்து, பாரம் சமமாக இருக்கும்படி அவர்கள்தான் உட்கார வைப்பார்கள். எனவே பதியும்போது உண்மையான நிறையைச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு ஐந்து கிலோ குறைக்க வேண்டாம். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, தூக்கும் சக்தியும் குறையும், அதனால்தான் பாலைவன ஊரில் நிறை விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். அம்மாவுக்கு உங்கள் இருவருக்கும் நடுவில் இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னலைவிட இரண்டு பக்கமும் பிடிக்கக் கை இருப்பதுதான் அவருக்குப் பெரிசு.

நம்மூரில் மாரி மழை கொட்டும் மாதங்கள்தான் அங்கே நல்ல காலம். அதிகாலையில் மூடுபனி வருவதுண்டு, பின்னேர வெயிலில் 828 மீற்றர் புர்ஜ் கலீஃபாவும் ஈச்சமர வடிவத் தீவும் அழகாகத் தெரியும். குறுகிய பயணமே போதும், அதுவும் அவர்கள் சொல்லும் நிமிடக் கணக்கில் ஏறி இறங்கும் நேரமும் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலை வேண்டாம், சுழலும் இறக்கையின் காற்றில் முந்தானை பறக்கும். கருநிற சல்வார் என்றால் கண்ணாடியில் விம்பம் விழாது, படமும் தெளிவாக வரும். புறாத்தீவுக்குப் படகில் போகும்போது அம்மாவுக்குக் குமட்டுமென்றால் இதிலும் குமட்டலாம். வயிறு முட்டச் சாப்பிடாமல், தூரத்து அடிவானத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இங்கேயே டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கடவுச்சீட்டை மறக்க வேண்டாம்.

பின்பக்கமாக மட்டும் ஒருபோதும் போகாதீர்கள், வால் விசிறி சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. பெல்ட்டைத் தரையிலேயே அம்மா ஒருமுறை தானே பூட்டித் திறக்கட்டும். 2018 மார்ச்சில் நியூயோர்க்கில் கதவைத் திறந்துவைத்தே பறந்த ஹெலிகொப்டர் ஒன்று ஆற்றில் விழுந்தபோது, கட்டியிருந்த பட்டிகளைக் கழற்ற முடியாமல் பயணிகள் ஐந்து பேரும் இறந்துபோனார்கள். கதவு திறந்த பயணம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கடைசி நேரத்தில் அம்மா மாட்டேன் என்றால் காசு திரும்புமா, நாள் மாற்றித் தருவார்களா என்று தம்பி பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவைக்கட்டும்.