வாசகர் கேள்வி–பதில்: கண்டீரவாவும் ஏரி மண்ணும்

பெங்களூரில் கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் ஏரி இருந்தது என்று எங்கள் பாட்டி சொல்வார். கரக உற்சவத்துக்கும் அந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?
(சிவாஜி நகர் வாசகி)

பாட்டி சொன்னது சரி. அது சம்பங்கி ஏரி. பக்கத்திலுள்ள சம்பங்கிராம நகர் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. ஊருக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் குடிநீர் தந்த ஏரி அது. 1890களில் ஹெசரகட்டா நீர் குழாய் வழியே வரத் தொடங்கியதும் அதன் தேவை குறைந்தது. தேவை குறைந்தால் கவனிப்பும் குறையும். வரத்துக் கால்வாய்கள் அடைபட்டன, நீர்ப்பரப்பு சுருங்கியது, படுகை திடலானது. அந்தத் திடலில் எழுந்த ஸ்டேடியம் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திறக்கப்பட்டது. அதே போட்டியில் வீரர்கள் தங்கிய கோரமங்கலா விளையாட்டுக் கிராமமும் ஏரிப் படுகைதான். அசோக் நகரிலுள்ள பழைய பெங்களூர் ஃபுட்பால் ஸ்டேடியம் நிற்பது ஷூலே ஏரி இருந்த இடத்தில். ஆக, இந்த நகரின் இரண்டு பெரிய கால்பந்து மைதானங்களுக்கும் அடியில் இருப்பது ஏரி மண். கடைசிக் கேள்விக்கு அது உதவும்.

கரகத்தைச் சுமப்பவர்கள் திகளர்கள். தமிழ் வேர் கொண்ட வன்னிகுல க்ஷத்திரியர்கள். ஏரிகளைச் சுற்றித் தோட்டம் போட்டு வாழ்ந்த சமூகம் அது. திரௌபதி அம்மனுக்கான சடங்குகளுக்குச் சம்பங்கி நீர் தேவை. ஏரி போனாலும் சடங்கு இடம் மாறவில்லை. ஸ்டேடியத்தை ஒட்டி மிச்சமிருக்கும் சிறு குளத்துக்கு, சைத்ர பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்றும் வருகிறார்கள். ஸ்டேடியத்தின் வரலாற்றை 1997இல் தொடங்குபவர்கள் இந்தக் குளத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கண்டீரவா என்பது யார் பெயர்?
(திருச்சியிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் வேலை செய்யும் வாசகர்)

மைசூரை 1638 முதல் 1659 வரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராஜ உடையாரின் பெயர். கண்டீரவம் என்றால் சிங்கம். மல்யுத்தத்தில் பேர் பெற்றவர். மாறுவேடத்தில் உங்கள் திருச்சிக்கு வந்து, யாராலும் வெல்ல முடியாத ஒரு மல்லனை வீழ்த்திவிட்டுப் போனார் என்று மைசூர் மரபுக் கதை சொல்கிறது. கண்டீராயி பணம் என்ற காசு அவர் பெயரால் வந்ததே.

கோல் போஸ்டுக்குப் பின்னால் டிக்கெட் எடுத்தேன். எதிர்ப்பக்கம் விழுந்த கோல்கள் எதுவும் தெரியவில்லை. ஏன் இவ்வளவு தூரம்? அடுத்த முறை எங்கே உட்காரலாம்?
(ராமமூர்த்தி நகர் வாசகர்)

காரணம், சுற்றியுள்ள ஓட்டப்பாதை. கண்டீரவா முதலில் தடகள ஸ்டேடியம், பிறகுதான் கால்பந்து ஸ்டேடியம்.

கணக்கைப் பார்ப்போம். 400 மீட்டர் ஓட்டப்பாதையின் நிலையான அளவில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் உள் ஆரம் 36.5 மீட்டர். அப்படியானால் உள்ளே கிடைக்கும் அகலம் 73 மீட்டர். கால்பந்து ஆடுகளம் 105க்கு 68. பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் மிஞ்சுவது இரண்டரை மீட்டர்தான். அதற்கு வெளியே 1.22 மீட்டர் அகலத்தில் எட்டு ஓடுதடங்கள், மொத்தம் 9.76 மீட்டர். எனவே பக்கவாட்டு கேலரியின் முதல் வரிசைகூடக் கோட்டிலிருந்து 12 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்க முடியும். கோலுக்குப் பின்னால் வளைவு வருவதால் இந்த இடைவெளி ஏறக்குறைய 36 மீட்டராகிறது. அங்கே உட்கார்ந்தால் எதிர்ப்பக்க கோல் 141 மீட்டர் தள்ளி நிற்கும். வேலி, வடிகால், விளம்பரப் பலகைக்கு விடும் இடம் எதையும் இதில் சேர்க்கவில்லை. உங்கள் கண்ணில் குறை ஒன்றுமில்லை.

நடுக்கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் இரண்டு கோல்களும் சுமார் 70 மீட்டரில் கிடைக்கும். முதல் ஐந்தாறு வரிசைகளை விட்டுவிடுங்கள். தூரம் இருக்கும்போது கிட்டத்தை விட உயரம்தான் உதவும். கீழே இருந்தால் பலகைகளும் மாற்று வீரர்களின் கூடாரமும் எதிர்ப்பக்கக் கோட்டை மறைக்கும். மேலிருந்து பார்த்தால் அணி எப்படி விரிகிறது, எப்படிச் சுருங்குகிறது என்பது புரியும். பாட்டும் முழக்கமும் வேண்டும் என்பவர்கள் வெஸ்ட் பிளாக்குக்குப் போகலாம். அங்கே உட்கார்ந்து பார்க்கும் எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள்.

பலர் கவனிக்காத இடம் கார்னர். ஆடுகளத்தின் நீளம் நேர்ப்பகுதியை விட அதிகம் என்பதால் நான்கு மூலைகளும் வளைவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மூலையிலிருந்து ஓட்டப்பாதையின் விளிம்புக்கு ஒரு மீட்டர்கூட இருக்காது, சுமார் 97 சென்டிமீட்டர். கார்னர் அடிப்பவர் நான்கைந்து அடி ஓடி வர வேண்டும். அந்த ஓட்டம் தொடங்குவது ஓட்டப்பாதையின் மேல். அதனால் அங்கே செயற்கைப் புல் விரிப்பு போடுவார்கள். விரிப்பின் ஓரம் சரியாக ஒட்டப்படாமல் தூக்கிக்கொண்டாலோ, அடியில் தண்ணீர் நின்றாலோ ஊன்றும் கால் வழுக்கும். போட்டிக்கு முன் விரிப்பின் ஓரத்தை மிதித்துப் பார்ப்பது உதவியாளர்களின் முக்கியமான வேலை.

தடகளக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. விரிப்பும் பலகையும் வண்டிகளும் ஓட்டப்பாதையைத் தேய்க்கின்றன. அவர்கள் எறியும் 7.26 கிலோ சங்கிலிக் குண்டு புல்லில் குழி பறிக்கிறது. ஒரே இடத்தில் இரண்டையும் வைத்தால் இரண்டு பேருக்கும் குறைதான். கால்பந்துக்கென்றே தனி ஸ்டேடியம் இந்த நகரத்துக்கு வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெங்களூரு எஃப்சி வருவதற்கு முன் இங்கே கால்பந்தே இல்லை என்கிறான் என் மகன். உண்மையா?
(ஆஸ்டின் டவுன் வாசகர்)

ஆஸ்டின் டவுனில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல விடலாமா! மும்பையில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ், 1937இல். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்து கோலை 1948இல் பிரான்ஸுக்கு எதிராக அடித்தவர் இந்த ஊரின் சாரங்கபாணி ராமன். அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய போட்டி அது. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூர்க்காரர். மைசூர் என்ற பெயரில் இந்த மாநிலம் நான்கு முறை, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை வென்றது, கடைசியாக 1968-69இல். அடுத்த வெற்றிக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலையே இருக்கிறது. மகனை அங்கே அழைத்துப் போங்கள்.

பெங்களூரு எஃப்சி 2013இல் தொடங்கியபோது ஆடியதும் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்லில்தான். அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் முதல் ஆட்டம் 2013 செப்டம்பர் 22, மோகன் பகானுடன் 1-1. அந்த முதல் சீசனிலேயே பட்டம் வென்றுவிட்டு, அதற்கடுத்த சீசனில் கண்டீரவாவுக்கு மாறியது.

கண்டீரவாவில் நடந்த ஆட்டங்களில் மறக்கக் கூடாதவை எவை?
(கே.ஆர். புரம் வாசகர்)

மூன்றைச் சொல்வோம். 2016 அக்டோபர் 19, ஆசியக் கிளப்களுக்கான ஏஎஃப்சி கோப்பையின் அரையிறுதி. நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் முதல் கோலைப் போட்ட பிறகு, பெங்களூரு எஃப்சியின் சேத்ரி இரண்டும் ஜுவானன் ஒன்றும் அடித்து 3-1. இந்தியக் கிளப் ஒன்று அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனது அதுவே முதல் முறை.

2018 மார்ச் 17, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி. தமிழர்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற இரவு. லீக் சுற்றில் முதலிடம் பிடித்த பெங்களூரு, சொந்த மண்ணில், 9ஆவது நிமிடத்திலேயே முன்னிலை. சென்னையின் எஃப்சி 3-2 என்று வென்றது. அதன் முதல் இரண்டு கோல்களும் ஒரே மாதிரி: கிரெகரி நெல்சன் கார்னர் அடிக்க, மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டினார். அந்த நெருக்கடியான மூலையிலிருந்து இரண்டு முறை அவ்வளவு துல்லியமாகப் பந்தை அனுப்பியது பெரிய திறமை.

மூன்றாவது 2023 ஜூலை 4, தெற்காசிய சாம்பியன்ஷிப் இறுதி. குவைத்துடன் 1-1, பெனால்டியில் 5-4 என்று இந்தியா வென்றது. அதே தொடரில் பாகிஸ்தானை 4-0 என்று வென்ற ஆட்டம் மழையில் நடந்தது.

எங்கள் பேட்டை மைதானமும் பழைய ஏரி நிலம்தான். மழை பெய்தால் மூன்று நாள் சேறு. மணல் கொட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
(அல்சூர் இளைஞர் கால்பந்துக் குழு)

ஏரிப் படுகை மண் நுண்ணிய களி. நீர் கீழே இறங்காது. அதன் மேல் மணலை மட்டும் பரப்பினால் தொட்டிக்குள் மணல் போட்டது போலாகும்: மேலே ஈரம் தெரியாது, அடியில் தேங்கி வேர் அழுகும். களியோடு கொஞ்சம் மணலைக் கலந்து மிதித்தால் செங்கல் மாதிரி இறுகும். நீங்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்திருப்பீர்கள்.

முதலில் சோதியுங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். இரண்டரை செ.மீ.க்குக் குறைவென்றால் வடிகால் இல்லாமல் எதுவும் பலிக்காது.

முழுமையான முறை: 5 மீட்டருக்கு ஒன்றாகக் கால்வாய் வெட்டி, துளையுள்ள 100 மி.மீ. குழாய் பதித்து ஜல்லியால் மூட வேண்டும். மேலே 10 செ.மீ. ஜல்லி அடுக்கு, அதன்மேல் 30 செ.மீ. கழுவிய மணல் கலவை. கழுவாத எம்-சாண்ட் வேண்டாம், அதன் தூசி ஜல்லி இடுக்கை அடைத்துவிடும். குழாய்கள் போய்ச் சேரும் இடம் மைதானத்தை விடத் தாழ்வாக இருக்கிறதா என்று தோண்டுவதற்கு முன்பே பாருங்கள். பழைய ஏரி என்றால் மைதானமே அந்தப் பகுதியின் தாழ்வான இடமாக இருக்கும். அப்போது சேகரிப்புத் தொட்டியும் பம்பும் தேவைப்படும்.

அவ்வளவு பணம் இல்லையென்றால் நடுக்கோட்டை உயர்த்துங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் அரை சதவீதச் சரிவு போதும். 68 மீட்டர் அகலத்துக்கு நடுப்பகுதி 17 செ.மீ. உயர்ந்தால் சரி. ஓரத்தில் திறந்த வாய்க்கால் விடுங்கள். புல்லுக்குக் கவலை வேண்டாம். விலைப்பட்டியலில் பெர்முடா என்று இருப்பது நம் அருகம்புல் இனம்தான். 25 மி.மீ. உயரத்தில் வெட்டி வையுங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் ரோலர் ஓட்டாதீர்கள், ஆட்டமும் வேண்டாம். ஈரக் களியை ஒருமுறை அழுத்திவிட்டால், அந்தப் பருவம் முழுக்க நீர் இறங்காது.