தானாக பிரேக் பிடிக்கும் கார்: வழக்குப் போட விபத்து நடந்திருக்க வேண்டுமா?

கேள்வி: வக்கீல் சார், நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். வேலை எண்ணூரில். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று போன வருடம் ஏழு பேர் உட்காரும் எஸ்.யூ.வி. வாங்கினேன். விலை 19 லட்சம், அதில் 14 லட்சம் வங்கிக் கடன். முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் தானே பிரேக் பிடிக்கும் என்று சொன்னதால்தான் விலை கூடுதலான மாடலை எடுத்தேன். ஆனால் சாலை காலியாக இருக்கும்போதே திடீரென்று பிரேக் பிடிக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது இரண்டு முறை இப்படி ஆகி, மயிரிழையில் தப்பினோம். நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டேன். ஒருமுறை சாஃப்ட்வேர் மாற்றினார்கள். பிறகு ‘கோளாறு எதுவும் பதிவாகவில்லை’ என்றார்கள். இப்போது, நான் ஜி.பி. ரோட்டில் மாட்டிய ஸ்டீல் பம்பர் பார்தான் காரணம், வேண்டுமானால் அந்த வசதியை ஆஃப் செய்துவிட்டு ஓட்டுங்கள் என்கிறார்கள். இதே மாடல் வைத்திருக்கும் பலர் வாட்ஸ்அப் குழுவில் இதே குறையைச் சொல்கிறார்கள். விபத்து நடந்தால்தான் வழக்கு நிற்கும் என்கிறார் நண்பர். உண்மையா? மாதத் தவணையை நிறுத்திவிடலாமா? எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருளால் விளைந்த தீங்குக்கான பொறுப்பு’ என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதன்படி நஷ்டஈடு கேட்க யாருக்காவது காயமோ உயிரிழப்போ ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது வேறு சொத்து சேதமாகியிருக்க வேண்டும். காரே பழுதானது அந்தக் கணக்கில் வராது. நண்பர் இதைத்தான் எங்கோ கேட்டிருக்கிறார்.

ஆனால் அதே சட்டத்தில் ‘குறைபாடுள்ள பொருள்’ என்ற சாதாரணப் புகாரும் இருக்கிறது. பொருளின் தரத்திலோ செயல்பாட்டிலோ, விற்றவர் சொன்ன உத்தரவாதத்திலோ குறை இருந்தால் போதும். யாருக்கும் ரத்தக்காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. சரிசெய்து தரச் சொல்லலாம், வண்டியை மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம். நீங்கள் போக வேண்டியது இந்த வழியில்தான். சர்வீஸ் சென்டர் சரியாகப் பார்க்கவில்லை என்பது ‘சேவைக் குறைபாடு’. அதையும் இதே புகாரில் சேர்க்கலாம்.

உங்கள் வழக்கில் பலவீனமான இடம் அந்த ஸ்டீல் பார். பல கார்களில் இந்த பிரேக்குக்கான ரேடார் முன் பம்பர் பகுதியில்தான் இருக்கிறது. அதன் எதிரில் இரும்பு நின்றால் ரேடார் தடுமாறக்கூடும், எனவே அவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. போதாததற்கு, இத்தகைய பார்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். இன்றே கழற்றிவிடுங்கள். கழற்றிய நிலையில் வண்டியை ஐந்தாவது முறையாக விட்டு, ‘கூடுதல் பொருத்தம் எதுவும் இல்லை’ என்று ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் புகார்ச் சீட்டில், எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகும் பிரேக் தானாகப் பிடித்தால் அவர்களுடைய பெரிய சாக்கு போய்விடும். பிடிப்பது நின்றுவிட்டால் வழக்கே தேவையில்லை, பார் வாங்கிய காசுதான் நஷ்டம்.

ஜாப் கார்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வருகிற கார் வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காகிதத்தில்தான் சறுக்குகின்றன. நாம் வாயால் பத்து நிமிடம் விளக்குவோம், அட்வைசர் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதுவார், நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விடுவோம். பிறகு வழக்கில் கம்பெனி அதே காகிதத்தை நீட்டி, இவர் பிரேக்கைப் பற்றிப் புகாரே சொல்லவில்லை என்று வாதிடும். எந்த நாள், எந்த இடம், என்ன வேகம், பின்னால் என்ன வண்டி வந்தது என்று உங்கள் வார்த்தையில் எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எழுத மறுத்தால் அன்றே டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பழைய நான்கு ஜாப் கார்டுகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

டேஷ்கேம் (கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும் கேமரா) இருந்தால் அந்தக் காட்சி பெரிய பலம். மெமரி கார்டைத் தனியே எடுத்து வையுங்கள், மேலே மேலே பதிவாகி அழிந்துவிடும். நகலைத் தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுகளுக்கு வேண்டிய, பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில், காரின் கணினியில் பதிவான விவரங்களை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். ‘கோளாறு பதிவாகவில்லை’ என்று சொன்னவர்கள் அந்தப் பதிவைக் காட்டட்டுமே.

‘ஆஃப் செய்துவிட்டு ஓட்டுங்கள்’ என்றார்களே, அது ஒழுகுகிற கூரைக்கு, மழைக்காலத்தில் வீட்டில் இருக்காதீர்கள் என்று வழி சொல்வது போன்றது. நீங்கள் கூடுதல் பணம் கொடுத்ததே அந்த வசதிக்குத்தான். இந்தப் பதிலை எழுத்தில் வாங்க முடிந்தால் வாங்குங்கள், அது அவர்களே குறையை ஒப்புக்கொண்டதற்குச் சமம். கிடைக்காவிட்டால் ‘உங்கள் ஊழியர் சொன்னபடி, என் ஆட்சேபத்துடன், ஆஃப் செய்து ஓட்டுகிறேன்’ என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். அதற்காக ஆனில் வைத்து ஓட்டிச் சாட்சியம் தேட வேண்டாம். வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல மாடல்களில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது மறுபடி ஆன் ஆகிவிடும், கவனம்.

விளக்கப் புத்தகத்தில் ‘இது ஓட்டுநருக்கு உதவி மட்டுமே’ என்று அச்சிட்டிருப்பதைக் கம்பெனி நிச்சயம் காட்டும். அதனால் பயப்பட வேண்டாம். 2015-ல் வாங்கிய ஒரு ஹூண்டாய் க்ரெட்டா 2017-ல் விபத்தில் சிக்கியபோது ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகம் போதவில்லை என்பது மாதிரியான வாதம் வந்தபோது, வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இழப்பீடும் மாற்று வண்டியும் வழங்கிய உத்தரவு நிலைத்தது. பாதுகாப்பு வசதியை விளம்பரப்படுத்தி விற்றவர்களுக்கு எதிராக இன்று நமக்கு இருக்கும் நல்ல ஆயுதம் அது.

அதற்காகப் புது வண்டி கிடைத்தே தீரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றித் தரத் தேவையில்லை என்று 2006-ல் மாருதி வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே புகாரில் முதலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், இல்லையேல் மாற்று வண்டி, அதுவும் இல்லையேல் முழுமையான பழுதுநீக்கமும் கூடுதல் வாரண்டியும் என்று படிப்படியாகக் கேளுங்கள். குறையை நிரூபிக்க நிபுணர் அறிக்கை அநேகமாகத் தேவைப்படும். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இடம் தருகிறது, கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வாகனச் சோதனைக்கென்றே ஓரகடத்தில் மத்திய அரசு அமைத்த மையம் இருக்கிறது. அங்கே அனுப்பும்படி கேட்டுப் பாருங்கள்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளென்றால் மாவட்ட ஆணையம் போதும், உங்களுக்கு அது வடசென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். கம்பெனி, டீலர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் இருப்பவர் பழியை இல்லாதவர் மேல் போடுவார். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைத் தாண்டும்.

தவணையை நிறுத்தவே கூடாது. வங்கி உங்களுக்குக் காரை விற்கவில்லை, கடன் கொடுத்தது. அது தனி ஒப்பந்தம். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் குற்ற வழக்கு வரைக்கும் போகலாம். எக்ஸ்சேஞ்சும் இப்போது வேண்டாம். வண்டி கைமாறிவிட்டால் பரிசோதிக்கப் பொருளே இருக்காது, நீங்கள் இன்னும் நுகர்வோர்தானா என்ற கேள்வியையும் எழுப்புவார்கள். குறையை மறைத்து விற்றால் அந்தக் காரில் அடுத்து ஏறப்போகும் குடும்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்த வாட்ஸ்அப் குழு. அங்கே புலம்பிப் பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவின்படி, பாதுகாப்புக் குறையைப் போதிய எண்ணிக்கையில் உரிமையாளர்கள் தெரிவித்தால் அந்த மாடலைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் வண்டி எண்ணோடு ‘வாகன்’ என்ற மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் புகார் பதிய வேண்டும். ஒருவர் எழுதி மற்றவர்கள் ஃபார்வர்டு செய்வது கணக்கில் சேராது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். ஒரே குறை உள்ள பலருக்காகச் சிலர் மட்டும் ஆணையத்தின் அனுமதியோடு வழக்குத் தொடரவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் புகார் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுதான் கெடு. முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எத்தனை மின்னஞ்சல், எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது.