கர்ப்ப காலத்தில் எக்சிமா: பூசப் பயப்படுகிறவர்களுக்கு

கேள்வி: எனக்கு வயது 29. முதல் பிள்ளை, இப்போது 23 கிழமை. சின்ன வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் எக்சிமா இருந்தது. கூடவே முட்டும் (ஆஸ்துமா) இருந்தது. பெரியவளான பிறகு இரண்டும் அடங்கிவிட்டன. நாலாம் மாதத்தில் எக்சிமா திரும்ப வந்து இப்போது கழுத்து, மார்பு, வயிறு என்று பரவிவிட்டது. இரவில் சொறிந்து சொறிந்து விரிப்பெல்லாம் இரத்தப் பொட்டு. மூன்று வருடத்துக்கு முந்தி தோல் டொக்டர் தந்த பெட்டாமெதசோன் ஒயின்மென்ட் அலுமாரியில் இருக்கிறது. ஸ்டீரொயிட் என்று அறிந்ததும் தொடவில்லை. மாமி இறால், கணவாய், முட்டை, கத்தரிக்காய், தக்காளி எல்லாம் சொறி கிளப்பும் கிரந்திச் சாப்பாடு என்று நிறுத்திவிட்டார். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையும் சூடு என்று விட்டுவிட்டேன். வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்கிறேன். குளித்தால் இன்னும் எரிகிறது. இதனால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? பிள்ளைக்கும் இது வருமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொறியைவிட அந்தப் பயம்தான் உங்கள் நித்திரையைக் கூடுதலாகக் கெடுக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் எக்சிமா வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்காது. குறைமாதப் பிரசவமோ, பிள்ளைக்கு ஊனமோ இதனால் வருவதில்லை. தாய்க்கு எக்சிமாவும் முட்டும் இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை. வந்தாலும் வைத்தியம் இருக்கிறது.

அடுத்தது, இரும்புச்சத்துக் குளிசையை இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். தேத்தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. அந்தக் குளிசை எக்சிமாவைக் கூட்டாது. முட்டையையும் மீனையும் நிறுத்தி, இரும்புச்சத்தையும் நிறுத்தி, நித்திரையும் இல்லாமல் ஆறாம் மாதத்தைக் கடப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஏன் இப்போது திரும்பி வந்தது? பாதி தகப்பனுடையதான ஒரு பிள்ளையைத் தாயின் உடம்பு வெளியாள் என்று தள்ளிவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்காக நோயெதிர்ப்புச் சக்தி கர்ப்பத்தில் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிறது. அது சாய்கிற பக்கம்தான் அலர்ஜியின் பக்கம். அதனால் சின்ன வயதில் எக்சிமா, முட்டு, ஓயாத தும்மல் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே தோல் கிளம்பிவிடும். கர்ப்ப காலத்துத் தோல் வியாதிகளில் ஆகக் கூடுதலாக நாங்கள் பார்ப்பது இதைத்தான். நீங்கள் சாப்பிட்ட எதனாலும் இது வரவில்லை.

இனி அந்த ஒயின்மென்ட். மூன்று வருடப் பழையது, காலாவதித் திகதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் குப்பையில் போடுங்கள். ஆனால் ஸ்டீரொயிட் பூச்சு என்ற வகையையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல நாட்டுக் கர்ப்பிணிப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், மென்மையான, நடுத்தரமான பூச்சுகளால் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. கடுமையான, மிகக் கடுமையான வகைகளைக் கர்ப்பம் முழுவதும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் பூசியவர்களிடம்தான் பிள்ளையின் நிறை குறைவது கூடுதலாகக் காணப்பட்டது. 300 கிராம் என்றால் 30 கிராம் டியூப் பத்து. உங்களுக்குத் தேவைப்படுவது அதற்குக் கிட்டவும் வராது.

கழுத்துக்கும் முகத்துக்கும் ஹைட்ரோகோர்டிசோன் 1 வீதம் போதும். முழங்கை மடிப்பு, வயிறு, மார்புக்கு நடுத்தர வகை ஒன்றை டொக்டர் எழுதித் தரலாம். உங்களிடம் இருக்கும் பெட்டாமெதசோன் கடுமையான வகை. தடித்துப் போன இடத்தில் சில நாளைக்கு அதுவும் தேவைப்படலாம், ஆனால் அதை டொக்டர் தீர்மானிக்கட்டும். விரிந்துகொண்டிருக்கும் வயிற்றிலும் மார்பிலும் கடுமையான பூச்சை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து வரி விழும். பாமசியில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். குளோபெட்டசோன் நடுத்தர வகை, குளோபெட்டசோல் மிகக் கடுமையான வகை. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, மருந்து வேறு. டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைக் கையில் பிடித்து எழுத்து எழுத்தாகப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு பூசுவது? சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூப்பிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரைக் கிராம். விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். இரண்டு முழங்கை மடிப்புக்கும் சேர்த்து ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு தரம், சொரசொரப்புப் போய்த் தோல் வழுவழுப்பாகும்வரை பூசுங்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமையில் அடங்கும். என்னிடம் வருகிற பெண்பிள்ளைகள் செய்வது என்னவென்றால், பயத்தில் பட்டாணி அளவு எடுத்து மெல்லத் தொட்டுவிட்டு, இரண்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். பிறகு அது திரும்பக் கிளம்பும், இன்னும் கொஞ்சம் தொடுவார்கள். இப்படி மாதக்கணக்கில் இழுபடும்போதுதான் கடைசியில் மருந்து கூடப் போகிறது. அடங்கும்வரை ஒழுங்காகப் பூசுங்கள்.

ஸ்டீரொயிட்டைவிட முக்கியம் ஈரப்பூச்சு. இதில் எல்லோரும் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். உடம்பு பரவலாக எக்சிமா இருக்கும் பெரியவர் ஒருவருக்குக் கிழமைக்கு 250 தொடக்கம் 500 கிராம் தேவை. கைப்பையில் வைக்கும் சின்ன லோஷன் போத்தலில் இது நடக்காது. பாமசியில் வைட் சொஃப்ட் பரபின் ஒயின்மென்ட் என்று கேளுங்கள், போத்தலில் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். விலையும் தாங்கக்கூடியது. ஒரு கட்டி எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்துத் தேயுங்கள், உருகி மினுமினுக்கும். பிறகு மேலிருந்து கீழாக, மயிர் வளரும் திசையில் தடவுங்கள், தேய்க்க வேண்டாம். குளித்துத் துவாயால் ஒற்றி எடுத்த கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். ஸ்டீரொயிட்டுக்கும் இதற்கும் இடையில் அரை மணித்தியாலம் விடுங்கள்.

கொழும்பு வெக்கையில் இதைப் பகல் முழுதும் பூசிக்கொண்டிருக்க முடியாது என்பீர்கள். உண்மைதான், வியர்வை அடைபட்டு மயிர்க்கால்களில் சின்னப் பருக்கள் வரும். அதனால் பகலில் மெல்லிய, வாசனையில்லாத கிறீம், இரவில் ஒயின்மென்ட். ஒஃபிசில் ஏ.சி.க்கு நேர் கீழே இருக்க நேர்ந்தால் மதியம் கழுத்துக்கு இன்னொரு தரம் பூசுங்கள். வியர்த்தால் வெறும் தண்ணீரால் கழுவிவிட்டுத் திரும்பப் பூசுங்கள். சொறிந்த இடத்தை மறைக்க நீளக் கை நைலோன் சட்டை போடாதீர்கள், பருத்தி போடுங்கள். அக்குவஸ் கிறீமைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் போட்டுக் கழுவலாம், பூசி விடக்கூடாது. அதிலுள்ள நுரைப்பொருள் எக்சிமாத் தோலை இன்னும் கெடுக்கும்.

இரண்டு ஆபத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஒயின்மென்ட் பட்ட குளியலறைத் தரை வழுக்கும். வயிற்றோடு விழக்கூடாது, இறப்பர் விரிப்பு போடுங்கள், கதவைப் பூட்டாமல் குளியுங்கள். அடுத்தது, பரபின் ஊறிய நைட்டி நெருப்பில் சட்டென்று பற்றும், தோய்த்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். காஸ் அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தள்ளி நில்லுங்கள்.

வேப்பிலைத் தண்ணீர் எரிகிறது என்று உங்கள் தோலே சொல்லிவிட்டது, நிறுத்துங்கள். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவதும் வேண்டாம். வேப்பெண்ணெயோ, பெயர்ச் சீட்டு இல்லாத கைமருந்தோ கர்ப்பத்தில் உள்ளுக்குக் குடிக்கவே வேண்டாம். "எரிச்சல் போய் வெள்ளையாகும்" என்று விற்கும் கிறீம்களையும் தொடாதீர்கள். அப்படியானவை சிலவற்றில் பாதரசம் இருந்திருக்கிறது, சிலவற்றில் மிகக் கடுமையான ஸ்டீரொயிட் ஒளிந்திருந்திருக்கிறது. பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். அலுமாரியிலுள்ள பெட்டாமெதசோனுக்குப் பயந்த நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான்.

சாப்பாடு. மாமி உங்களில் அக்கறையில்தான் சொல்கிறார், அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். இந்தப் பதிலை வாசிக்கக் கொடுங்கள். மாமி, வயதுக்கு வந்தவர்களின் எக்சிமா சாப்பாட்டால் கிளம்புவது குறைவு. கர்ப்பிணி முட்டையும் மீனும் விட்டால் பிள்ளைக்கு எக்சிமா வராது என்பதும் சோதித்துப் பார்த்ததில் பிழை என்று தெரிந்துவிட்ட எண்ணம். ஒரு சாப்பாடு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் உதடு வீங்கினாலோ, தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ, மூச்சு இழுத்தாலோ அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி டொக்டரிடம் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் மருமகள் முட்டையும் மீனும் இறால் கறியும் சாப்பிடட்டும். இறால் உரிக்கும்போதும் தக்காளி வெட்டும்போதும் கை எரிந்தால், அது சாறு பட்டு வரும் எரிச்சல். அந்த வேலையை வேறு யாரும் செய்யட்டும்.

இரவுக்கு நகத்தை ஒட்ட வெட்டுங்கள். குளோர்பெனிரமைன் என்ற அலர்ஜிக் குளிசை, நீங்கள் பிரிட்டோன் (Piriton) என்று கேட்டு வாங்குவது, கர்ப்பத்தில் நீண்டகாலமாகப் பாவிக்கப்படும் மருந்து. டொக்டரைக் கேட்டு இரவில் எடுக்கலாம். எக்சிமாச் சொறியை அது பெரிதாக நிறுத்தாது, நித்திரை தரும், அதுவே இப்போது உங்களுக்குப் பெரிய உதவி.

அடுத்த கிளினிக்கில் வீ.ஓ.ஜீ. (மகப்பேற்று) டொக்டரிடம் வயிற்றோடு கழுத்தையும் கையையும் காட்டுங்கள். தோல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் கேளுங்கள், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காசு செலவில்லாமல் பார்ப்பார்கள். பூச்சுக்கு அடங்காவிட்டால் ஒடுங்கிய அலைப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை (UVB) இருக்கிறது, கர்ப்பத்திலும் கொடுக்கலாம். அந்தக் கதிர் போலிக் அசிட்டைக் குறைக்கக்கூடும் என்பதால் போலிக் அசிட் குளிசையைத் தவற விடக்கூடாது. எக்சிமாவுக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் வேறு வாசகியர் யாரும் இருந்தால், பிள்ளைக்கு முயற்சிக்க முன்பே டொக்டரோடு கதையுங்கள். அது கர்ப்பத்தில் கூடவே கூடாது.

மஞ்சள் பொருக்குக் கட்டி நீர் வடிந்தால் கிருமி புகுந்துவிட்டது, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய அன்டிபயோட்டிக் இருக்கிறது, அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சலோடு, ஒரே அளவிலான சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக எழும்பி, சொறியைவிட நோவு கூடுதலாக இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது ஹெர்ப்பீஸ் வைரஸ் எக்சிமாத் தோலில் பரவுவது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: எனக்கு 33 கிழமை. தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் இரவானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்கமுடியாத கடி. பக்கத்து வீட்டு அக்கா தன் எக்சிமாப் பூச்சைத் தந்தா. பூசலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பூச்சை வைத்துவிட்டு இன்றைக்கே உங்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். எக்சிமா என்றால் தோலில் தெரியும். கடைசி மூன்று மாதத்தில், தோலில் சொறிந்த கீறலைத் தவிர ஒன்றும் இல்லாமல், உள்ளங்கையும் காலும் இரவில் கடித்தால் ஈரலில் பித்தம் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் பித்த அமிலமும் ஈரல் சோதனையும் எடுப்பார்கள். சிறுநீர் கடும் நிறமா, மலம் வெளிறியிருக்கிறதா, கண் மஞ்சளா என்று கவனித்துச் சொல்லுங்கள். பித்த அமிலம் லீற்றருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்துக் கூடுகிறது. அதனால்தான் அளவைப் பார்த்துப் பிரசவத் திகதியை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தாயும் பிள்ளையும் சுகமாகவே வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளையின் அசைவு குறைந்ததாகப் பட்டால் நள்ளிரவென்றாலும் போங்கள்.

கேள்வி: மனைவிக்கு எட்டாம் மாதம், கையிலும் மார்பிலும் எக்சிமா. பிள்ளை பிறந்து பால் கொடுக்கும்போது ஒயின்மென்ட் பூசலாமா?
— வாசகர், தெஹிவளை

பதில்: தாராளமாக. இதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. முலைக்காம்பில் எக்சிமா வந்தால், பால் கொடுத்து முடிந்த கையோடு மென்மையான ஸ்டீரொயிட்டை மெல்லியதாகப் பூசட்டும், அடுத்த தரம் கொடுக்க முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடட்டும். ஒரு பக்கத்தில் மட்டும் வந்து, பூசியும் மாறாமல் நின்றால் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள்.

கைக்கு மருந்து மட்டும் போதாது, தம்பி. பிள்ளை பிறந்ததும் நாப்கின் தோய்ப்பது, போத்தல் கழுவுவது, பாத்திரம் என்று கை எந்நேரமும் சவர்க்காரத் தண்ணீரில்தான் இருக்கும். அந்த மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செய்யத்தான் வேண்டும் என்ற நாளில் உள்ளே பருத்திக் கையுறை, மேலே இறப்பர் கையுறை. ஈரப்பூச்சுப் போத்தல் ஒன்றைச் சிங்குக்குப் பக்கத்தில், இன்னொன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.