மனநல வார்டில் நோயாளியின் நம்பிக்கைகள்: செவிலியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்): இறந்துபோன அம்மா ராத்திரியில் தன்னைக் கூப்பிடுவதாக ஒரு நோயாளி சொல்கிறார். ஹாலுசினேஷன் (இல்லாத குரல் கேட்பது, இல்லாதது தெரிவது) என்று சார்ட்டில் எழுதிவிடலாமா சிஸ்டர்?

பதில்: அவசரப்பட வேண்டாம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், பெயர் வைப்பது அப்புறம். நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களுக்கு அவருடைய குரல் கேட்பதும், பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றுவதும் பல சமூகங்களில் சகஜம். அது மட்டுமே நோய் ஆகிவிடாது. அம்மா இறந்து எவ்வளவு நாளாகிறது, குரல் என்ன சொல்கிறது, கேட்கும்போது ஆறுதலா பயமா, தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று விசாரியுங்கள். "என்னோடு வந்துவிடு" என்று அழைத்தாலோ, எதையாவது செய்யச் சொல்லி ஏவினாலோ, தற்கொலை அபாயத்தை அப்போதே மதிப்பிட்டு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதில் பண்பாடு பார்த்துத் தயங்கவே கூடாது. நோயாளி சம்மதித்தால் வீட்டாரிடம், "உங்கள் ஆட்களுக்குள் இது வழக்கம்தானா, இவரிடம் மட்டும் புதிதாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். வித்தியாசம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி (நர்சிங் மாணவி): நோயாளியின் பண்பாட்டுக்கு ஏற்பப் பராமரிப்பது பற்றி லைனிங்கர், கம்பின்ஹா-பகோட்டே என்ற செவிலிய அறிஞர்கள் சொன்னதைத் தேர்வுக்குப் படிக்கிறோம். வார்டில் எது கைகொடுக்கும்?

பதில்: லைனிங்கருக்கு இந்த யோசனை வந்ததே 1950களில், மனநலச் சிக்கல் உள்ள குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்தபோதுதான். ஆகவே இது நம் துறையில் பிறந்த விஷயம். இதற்குத் தேவை என்று கம்பின்ஹா-பகோட்டே சொல்லும் ஐந்து அம்சங்களில், விழிப்புணர்வு, அறிவு, திறன், நேரடிப் பழக்கம் நான்கையும் பயிற்சியில் பெற்றுவிடலாம். ஐந்தாவதான விருப்பம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். "இந்த மதத்தார் இப்படி, அந்த நாட்டார் அப்படி" என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். எதிரில் இருப்பவர் அந்தப் பட்டியலில் அடங்க மாட்டார். மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் வகுத்த கேள்விகளைக் கற்றுக்கொள்ளுங்கள்: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அந்தச் சமயத்தில் தொடங்கியது? எதை நினைத்து ரொம்பப் பயப்படுகிறீர்கள்? மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5-இலும் இதே போக்கில் 16 கேள்விகள் உள்ள நேர்காணல் இருக்கிறது. நேரமே இல்லை என்றால் அந்தப் பயத்தைப் பற்றி மட்டுமாவது கேளுங்கள். மாத்திரையை ஏன் துப்புகிறார் என்பது பல நேரம் அதில் வெளிவரும்.

கேள்வி: நோயாளியின் மொழி எங்களுக்குத் தெரியாது. கூட வந்த சின்ன மகள் நன்றாக மொழிபெயர்க்கிறாள். போதாதா?

பதில்: போதாது. தற்கொலை எண்ணம், அடி உதை, தாம்பத்தியம் இதையெல்லாம் பிள்ளை வாயால் எப்படிக் கேட்பது? பிள்ளை முன்னால் அவர்தான் எப்படிச் சொல்வார்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், போனிலாவது. பேசும்போது நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள்.

கேள்வி: ஒரு நோயாளி கண்ணைப் பார்த்தே பேசுவதில்லை. மனச்சோர்வா?

பதில்: மரியாதையாகவும் இருக்கலாம். பார்த்ததை அப்படியே எழுதுங்கள், அதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து) சாப்பிடுபவர் தண்ணீரும் குடிக்காமல் நோன்பு இருப்பேன் என்கிறார். தடுக்கலாமா?

பதில்: தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் இருப்பார், அதுதான் ஆபத்து. உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும் என்று விளக்குங்கள். நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசி, ரத்த அளவைப் பார்த்து, இருக்கலாமா, மருந்து நேரத்தை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யட்டும். அவர் மதிக்கும் மதப் பெரியவர் ஒருவரும் அந்தப் பேச்சில் இருந்தால் நல்லது, நோயாளிக்கு விலக்கு உண்டு என்று அவர் சொன்னால் எடுபடும். கை கடுமையாக நடுங்குவது, வாந்தி பேதி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் உடனே வரச் சொல்லுங்கள். வீட்டாரிடமும் இதை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.