ஹாலில் வான் கோ மாட்டலாமா? பிரேம் கடைக்காரரின் பதில்கள்

பிரபல ஓவியங்களைக் கேன்வாஸில் அச்சடித்து வீட்டில் மாட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். 18 வருஷமாக இதே வேலை என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 6 அடி சோபாவுக்கு மேலே வான் கோவின் 'நட்சத்திர இரவு' மாட்ட ஆசை. மூன்று துண்டாக, நீளவாக்கில் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அசல் 73.7 × 92.1 செ.மீ., ஏறக்குறைய 4:5. அதை நீளப் படமாக்க மேலும் கீழும் நறுக்கியாக வேண்டும். இடது பக்கத்துச் சைப்ரஸ் மரத்தின் நுனி போகும், கீழே ஊரும் பாதி போய்விடும். சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 4 அடி அகலம் என்றால் உயரம் 3 அடி 2 அங்குலம் வரும். அசலின் அளவு விகிதத்தைக் கையில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: இணையத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். பிரிண்ட் மங்கலாக வந்தது. கடைக்காரர் தப்பா?

உங்கள் கோப்புதான் சின்னது. அங்குலத்துக்கு 150 பிக்சலாவது வேண்டும். 4 அடிக்கு 7200. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிடன், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் ஆகியவற்றின் தளங்களில் காப்புரிமை முடிந்த பல ஓவியங்கள் பெரிய கோப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. பிக்காசோவை மட்டும் தொடாதீர்கள். அவர் இறந்தது 1973இல். நம் சட்டப்படி 2033 முடியும்வரை காப்புரிமை உண்டு.

கேள்வி: மோனலிசாவைச் சுவர் நிறைய வைக்கலாமா சார்?

அசல் 77 × 53 செ.மீ. தான். அதுவும் கேன்வாஸ் இல்லை, பாப்லர் மரப் பலகை. வெர்மீரின் முத்துத் தோட்டுப் பெண் அதைவிடச் சிறிசு, 44.5 × 39. அவளை ஒரு வாடிக்கையாளருக்கு நான் 4 அடி உயரத்தில் போட்டுக் கொடுத்தேன். கன்னத்து வண்ணத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்புகள் காய்ந்த ஏரிபோலத் தெரிந்தன. ஒரே வாரத்தில் படத்தோடு திரும்பி வந்தார்: "ராத்திரி எழுந்தா பாத்துக்கிட்டே இருக்கா சார்." என் தப்புதான், பாதி அளவில் மாற்றிக் கொடுத்தேன். பெரிசாகத்தான் வேண்டும் என்றால் கிளிம்ட்டின் 'முத்தம்' எடுங்கள். அசலே 180 × 180 செ.மீ.

கேள்வி: ஜப்பான் ஓவியர் ஹொக்குசாயின் 'பேரலை' மாட்டலாமா?

அது காகிதத்தில் மரக்கட்டை அச்சு. கேன்வாஸின் சொரசொரப்பு அதற்கு ஒட்டாது. பளபளப்பில்லாத காகிதத்தில் போட்டு, கண்ணாடி பிரேம் மாட்டுங்கள்.

கேள்வி: நல்ல பிரிண்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பிப் பாருங்கள். மூலையில் துணி மடிப்பு தட்டையாக இருக்க வேண்டும், துணியைத் தாங்கும் மரச்சட்டம் முறுக்கியிருக்கக் கூடாது. பிக்மென்ட் மையா என்று கேளுங்கள்; சாதா டை மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அப்புறம், பக்கவாட்டுக்கு மடிக்கும் ஒன்றரை அங்குலத்தைப் படத்திலிருந்தே எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஓரத்தில் ஆள் இருந்தால் பாதி உடம்பு பக்கவாட்டில் மடிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, மழைக்காலத்தில் கேன்வாஸ் தொய்ந்து, பின்னால் பூஞ்சையும் வந்துவிட்டது.

வெளிச்சுவரில் மாட்டியிருப்பீர்கள். உள்சுவருக்கு மாற்றுங்கள். படத்தின் பின்பக்கம் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் காற்று போகும். பூஞ்சையைக் காய்ந்த பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. தொய்வுக்கு, சட்டத்தின் உள்மூலைகளில் சின்ன மர ஆப்பு இருந்தால் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள், துணி இறுகும். ஆப்பே இல்லாத சட்டம் என்றால் கழற்றித்தான் மறுபடி இழுத்து அடிக்க வேண்டும், கடைக்கு எடுத்துப் போங்கள்.